மேலே பார்த்த மட்டாஞ்சேரி

மலையாளப் பத்திரிகைகளில் சரமப் பக்கம் என்று ஒன்று உண்டு. இறந்தவர்களின் படங்களைத் தபால்தலை அளவில் வரிசையாகப் போட்டு, இன்னார், இன்ன வயது, அடக்கம் இன்ன நேரத்தில் என்று அறிவிக்கும் பக்கம். கொச்சியில் முதலில் அதைத்தான் புரட்டுவார்கள். மந்திரிசபையே கவிழ்ந்திருந்தாலும் அது அப்புறம்தான். என் பெரியம்மாவும் காலையில் சாயா டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தை விரிப்பாள். யார் செத்தார்கள் என்பதை அவள் பிறகுதான் பார்ப்பாள். யாருடைய கண் மேலே பார்க்கிறது என்பதுதான் முதலில்.

"இது நம்ம ஆளு பிடிச்சது," என்று ஒரு படத்தில் விரலை வைப்பாள். "லைட்டு கொள்ளாம், நல்லா இருக்கு. மூக்கு நிழல் எப்படி இறங்குது பாரு." அதற்குப் பிறகுதான் செத்தவருக்கான அனுதாபம் வரும். "பாவம், நல்ல மனுசன்."

நம்ம ஆளு என்பது என் பெரியப்பா, அவளுடைய கணவர். மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு பழைய கிடங்கின் முன்னறையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நகரசபையில் ஏதாவது ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் எறணாகுளத்தில் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் சேர்ந்து தொழில் கற்றார். ஊருக்குக் கிளம்பிய ஒரு தேயிலைக் கம்பெனி வெள்ளைக்காரர் விட்டுப்போன பெரிய மரக் கேமராவை எப்படியோ வாங்கிக்கொண்டு வந்தார். "சொந்தக்காரன் எல்லாரும் ஓடை அள்ளி மாசச் சம்பளம் வாங்குறான். இவன் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுட்டு நிக்கான்," என்று என் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்துப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பின்னால் அரண்மனைத் திரை, பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் காகிதப்பூ ஜாடி. முக்காலியில் ஒரு கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, கேமராவை முறைத்தபடி ஒருவர் நிற்பார். பெரியப்பா அது அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டார். வெறும் சுவர், ஒரு ஸ்டூல், முகம். அவ்வளவுதான். ஜாடி எங்கே என்று சண்டை போட்டவர்கள் உண்டு. கொடுக்கிற காசுக்கு ஒரு பூகூட இல்லையா என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. ஆனால் படத்தை வாங்கிப் பார்த்தவர்கள் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பார்ப்பார்கள். தங்களுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது அவர்களுக்கே அப்போதுதான் தெரியும். முகம் லேசாகத் திரும்பி, கண்கள் இடது மேல்மூலையை நோக்கி, ஏதோ பெரிய விஷயத்தை யோசிப்பதுபோல இருக்கும்.

அவர்கள் என்ன யோசித்தார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மதியச் சோற்றுக்கு என்ன கறி என்று யோசித்தார்கள்.

அந்த அறைக்கு மேலே ஒரு மச்சு உண்டு. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்ததால், வெயில் மச்சில்தான் விழும், கீழே வராது. பெரியப்பாவுக்குக் கரண்டுமேல் நம்பிக்கை கிடையாது. அதனால் தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்து, அதே பெட்டியின் மூடியில் ஆணியடித்து, பெரியம்மாவின் கையில் கொடுத்து மச்சில் ஏற்றிவிட்டார். கண்ணாடி ஓட்டு வெயிலை அந்தத் தாளில் வாங்கி, கீழே ஸ்டூலில் இருப்பவரின் முகத்தில் அவள் போடவேண்டும். கல்யாணமான புதிதில் ஏறியவள், ஸ்டுடியோவை மூடும்வரை இறங்கவில்லை. மீன் வெட்டிய கையோடு ஏறுவாள், பிள்ளை பெற்ற உடம்போடு ஏறினாள், காய்ச்சலோடும் ஏறினாள்.

மச்சில் நின்று அலுத்துப்போனால் மனுஷி என்ன செய்வாள்? கீழே இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பாள். பெரியப்பா கறுப்புத் துணிக்குள் போனதும், "இன்னைக்கு உங்க வீட்டுல என்ன கறி?" என்று மேலேயிருந்து குரல் வரும். எங்கள் ஊரில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது எதுவானாலும் கறிதான். ஸ்டூலில் இருப்பவர் திடுக்கிட்டு மேலே பார்ப்பார். உண்மையைச் சொல்லலாமா, கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா என்று அவர் யோசிக்கிற அந்த ஒரு நொடியில் பெரியப்பா லென்ஸ் மூடியைத் திறந்து மூடிவிடுவார். குஜராத்திச் சேட்டு, கொங்கணி வியாபாரி, ராவுத்தர் வீட்டுப் பெரியவர், நகரசபைத் துப்புரவுக்காரர் எல்லாரும் இதே கேள்விக்குத்தான் மேலே பார்த்தார்கள். சேட்டு வீட்டில் தினமும் பருப்புதான் என்பதால் அவர் மட்டும் சட்டென்று பதில் சொல்லிவிடுவார். அவர் படம் சரியாக வராது.

முதலில் பெரியப்பா சத்தம் போட்டிருக்கிறார். படங்கள் கழுவி வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. அதற்காக அவளைப் பாராட்டினார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வாயிலிருந்து வந்த மிகப்பெரிய பாராட்டு, "கொஞ்சம் சரிச்சுப் பிடி."

அவருடைய பாணி மெல்லப் பரவியது. போர்ட் கொச்சியில் ஜாடியை எடுத்தார்கள். திருப்பூணித்துறையில் ஒரு ஸ்டுடியோக்காரர் அரண்மனைத் திரையைக் கழற்றி வீட்டு ஜன்னலுக்குப் போட்டுவிட்டாராம். எல்லாரும் ஆட்களை மேலே பார்க்கச் சொன்னார்கள். ஆனால் மேலே ஒருவரும் இல்லையே. அதனால் அந்தப் படங்களில் இருப்பவர்கள் மழை எங்கே ஒழுகுகிறது என்று தேடுகிறவர்கள்போல இருந்தார்கள். ஏலூரில் ஒரு தொழிற்சாலைக் காவலாளி, அடையாள அட்டையில் வானத்தைப் பார்க்கிற ஆளை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டு ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட்டதாகப் பெரியம்மா சொல்லுவாள். சொல்லிவிட்டு வெகுநேரம் தனியாகச் சிரிப்பாள்.

தொண்ணூறுகளில் பெரியப்பா இறந்தார். காலையில் இறந்தவருக்கு மறுநாள் பத்திரிகையில் படம் வரவேண்டும் என்றால் மதியத்துக்குள் படம் கொடுக்கவேண்டும். வீடு முழுக்கத் தேடினோம். ஊர்முழுக்கப் படம் பிடித்த மனிதருக்கு ஒரு படம் இல்லை. கல்யாணம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கோயிலில் நடந்தது. அங்கே கேமரா வைத்திருந்த ஒரே ஆள் மாப்பிள்ளைதான், அவரும் தாலி கட்டுகிற வேலையில் இருந்தார். கடைசியில் அகப்பட்டது வோட்டர் அடையாள அட்டை. அப்போதுதான் பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்து எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதில் பெரியப்பாவின் ஒரு கண் மூடியும் ஒரு கண் பாதி திறந்தும் இருந்தன. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மறுநாள் அது பத்திரிகையில் வந்தது.

பெரியம்மா சரமப் பக்கத்தை விரித்தாள். அதே பக்கத்தில் வேறு இரண்டு பேர் பெரியப்பா எடுத்த படத்தில் கம்பீரமாக மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பெரியப்பா, மாலைச் சந்தையில் பிடிபட்ட பாக்கெட் திருடனைப்போல.

அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். அழுது முடித்துவிட்டு என் கையைப் பிடித்து, "மோளே, என் அட்டையைப் பாத்திருக்கியா?" என்று கேட்டாள். பார்த்திருந்தேன். அதில் அவளுக்கு மீசை இருப்பதுபோல ஒரு நிழல். "அது பேப்பர்ல வந்தா நான் சுடுகாட்டுல இருந்து எழுந்து வந்திருவேன். நான் போறதுக்குள்ள எனக்கு ஒரு நல்ல படம் வேணும். சொல்லிட்டேன்."

பெரியம்மாவின் பிள்ளைகள் வெளியூரில் இருந்ததால் அவளோடு இருந்தது நான்தான். எனக்கு அப்போது எறணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. ஐம்பது புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களை நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு பார்த்துவிட்டு, படகேறி வீட்டுக்கு வந்தால் இவள் புடவை மாற்றிக்கொண்டு தயாராக நிற்பாள். மட்டாஞ்சேரியில் நாங்கள் ஏறி இறங்காத ஸ்டுடியோ இல்லை. எல்லாம் கலர், எல்லாம் நீலத் திரை. உள்ளே போனதும் அவள் முதலில் கூரையைப் பார்ப்பாள்.

"மேல ஆளு இல்லியா?"

"மேல ஏசிதான் அம்மச்சி. கொஞ்சம் சிரிங்க."

"எதுக்குச் சிரிக்கணும்? நீ ஏதும் கேட்டியா?"

ஒருவர் அவளுக்குப் பின்னால் பனிமலையும் ஏரியும் வைத்துக் கொடுத்தார். செத்தால் அங்கேதான் போகப்போகிறோம் என்றால் கம்பளி வாங்கித் தா என்றாள். இன்னொருவர் கம்ப்யூட்டரில் அவள் சுருக்கத்தையெல்லாம் வழித்து எடுத்துவிட்டார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம். ஆரு இது?" என்று அவரிடமே கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு நடுத்தெருவில் வைத்துச் சண்டை போட்டேன். ஒருவருக்கும் தன் முகம் பிடிப்பதில்லை, அதற்காக உலகம் நின்றுவிடவில்லை என்றேன். அவள் அமைதியாக, "அவர் பிடிச்ச முகம் ஒண்ணாச்சும் ஆருக்காச்சும் பிடிக்காமப் போச்சா?" என்று கேட்டாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆனபோது வடக்கேயிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். ஸ்டுடியோ இருந்த இடம் அதற்குள் சுற்றுலாக்காரர்களுக்குப் பித்தளை உருளியும் பழைய பூட்டும் விற்கிற கடையாகிவிட்டிருந்தது. கடைக்காரர் மச்சைச் சுத்தம் செய்தபோது தேயிலைப் பெட்டிகளுக்குள் பெரியப்பாவின் கண்ணாடி நெகட்டிவ்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்தப் பெண், அன்றைக்கு இரவு தூங்கவே இல்லையாம். இந்தப் பக்கத்தில் போட்டோவை முதன்முதலில் நவீனமாக்கியவர்களில் ஒருவர் உங்கள் கணவர் என்று பெரியம்மாவிடம் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். பெரியம்மா தலையை ஆட்டினாள். "ஜாடியை எடுத்ததைச் சொல்லுதாளா?"

நல்ல பெண், உண்மையில். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். கறி விஷயத்தையும் பெரியம்மா சொன்னாள். அவள் ரசித்துச் சிரித்தாள். ஆனால் அந்தப் பார்வைக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கும் என்று அவள் மனசில் விழுந்துவிட்டது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தோன்றும். போகும்போது பெரியம்மாவைத் தன் டிஜிட்டல் கேமராவில் ஒரு படம் எடுத்து, பின்னால் திரையில் காட்டினாள். பெரியம்மா பார்த்துவிட்டு, "இதை அழிக்கலாமான்னு கேளு," என்றாள்.

அடுத்த வருஷம் பஜாரிலேயே ஒரு காலி மிளகுக் கிடங்கில் கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு படமும் ஆள் உயரத்துக்கு மேல். தெரிந்த முகங்கள் கதவளவு பெரிதாகித் தொங்கியபோது எனக்கே உள்ளே நுழைய ஒரு தயக்கம் இருந்தது. தில்லியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள் கையில் கோப்பையோடு மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். பிறகு எங்கள் ஊர் வந்தது.

எங்கள் ஊருக்கு அந்தப் பாணிப் படத்தை ஒரே ஒரு இடத்தில் பார்த்துத்தான் பழக்கம்: சரமப் பக்கம். அதனால் இது செத்துப்போனவர்களுக்கான பெரிய நினைவுச் சடங்கு என்று எல்லாரும் தீர்மானித்துவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். அப்பாவைக் கண்டுபிடித்தவர்கள் அப்பா காலடியில் மல்லிகைச் சரத்தை வைத்தார்கள். ஒரு அம்மாள் ஊதுபத்தி கொளுத்தப் போக, காவலுக்கு நின்றவர் ஓடிவந்து கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். யாருக்கும் சொந்தமில்லாமல் நின்ற படங்களுக்கும் பாவம் என்று ஆளுக்கொரு பூ வைத்தார்கள். கோப்பை வைத்திருந்தவர்கள் இதையெல்லாம் கண்காட்சியின் ஒரு பகுதி என்று நினைத்து, மரியாதையாகத் தங்கள் ஷூவையும் கழற்றினார்கள்.

அப்போதுதான் நீலச்சட்டைக்காரர் வந்தார். கிடங்குகளில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாலும் சுமட்டுத் தொழிலாளியின் நீலச்சட்டையை விடவில்லை. இளவயதில் பெண் வீட்டாருக்குக் கொடுக்கப் பெரியப்பாவிடம் ஒரு படம் எடுத்திருந்தார். அந்தப் படம் நடுச்சுவரில் தொங்கியது. கீழே ஒரு குவியல் பூ. பக்கத்தில், நாளைய உலகைக் கனவு காணும் தொழிலாளி என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதிய அட்டை.

"ஆருடா எனக்குப் பூ வச்சது?"

கிடங்கே திரும்பிப் பார்த்தது. பூ வைத்த பெண்மணி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அவர் குனிந்து பூவையெல்லாம் அள்ளிப் பக்கத்துப் படத்துக்கு மாற்றினார். பக்கத்துப் படத்துக்காரர் உண்மையிலேயே செத்துவிட்டவர், அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆராய்ச்சிக்காரப் பெண் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். அவர் சமாதானமாகவில்லை. வருகிறவர்கள் எல்லாம் தான் செத்துவிட்டதாக ஊரில் போய்ச் சொல்லுவார்களே என்று, படத்துக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார். ஒத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். வெளிநாட்டுக்காரர்கள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியதும் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"எந்தக் கனவும் இல்ல," என்று அந்த அட்டையைக் காட்டி என்னிடம் சொன்னார். "மச்சுல சேச்சி நின்னுது. இன்னைக்கு என்ன கறின்னு கேட்டுது. நெய்மீன்னு சொன்னேன். அதான் இந்த முகம்."

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியம்மா அங்கிருந்தே சொன்னாள்: "நெய்மீனா? அது விக்கிற விலைக்கா? அன்னைக்கே நான் நம்பல."

ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்கு இதைச் சொன்னேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அதற்குள் நீலச்சட்டைக்காரர், தன் மூக்கு இவ்வளவு பெரிதாகவா இருந்தது என்று பார்க்கப் படத்துக்குக் கிட்டே போய், முகத்தோடு முகம் வைத்து நின்றார். பிறகு அசையவில்லை.

"மோளே, இங்க வா. என் கண்ணுக்குள்ள ஆரோ நிக்குது."

நான் போய்ப் பார்த்தேன். அவருடைய கறுப்பு விழியில், தேங்காய் அளவுக்குப் பெரிதாகியிருந்த அந்த விழியில், ஒரு வெள்ளைச் சதுரம். சதுரத்தின் இரண்டு ஓரத்திலும் விரல்கள். சதுரத்துக்கு மேலே ஒரு பெண்ணின் முகம், கொஞ்சம் சாய்ந்து, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம். காதில் கம்மல்கூடத் தெரிந்தது.

பெரியம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து நிறுத்தினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "கம்மல் எங்கம்மா போட்டது," என்றாள். "தலை சீவவே இல்ல பாரு. இப்படியா மேல ஏறினேன்?"

அடுத்த படத்துக்கு ஓடினோம். அதிலும் இருந்தாள். அதற்கடுத்ததிலும். ஊரே செருப்பில்லாமல் படத்துக்குப் படம் ஓடி, தங்கள் அப்பன் கண்ணிலும் மாமியார் கண்ணிலும் அவளைத் தேடியது. "எங்க வாப்பா கண்ணுல சேச்சி சிரிக்குது." "எங்க அத்தை கண்ணுல வயிறு தெரியுது, மாசமா இருந்தீங்களா?" ஆராய்ச்சிக்காரப் பெண் நடுவில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். இத்தனை பெரிதாகப் படத்தைப் போட்டது அவள்தான்; அந்தப் புண்ணியம் அவளுக்கு என்றைக்கும் உண்டு. பெரியம்மா மட்டும் அழவில்லை. துணிக்கடைக்கு வருகிறவர்களைப்போல ஒவ்வொரு படமாகப் போய், இது வேண்டாம், இது வேண்டாம் என்று கழித்து, கடைசியில் நீலச்சட்டைக்காரரின் கண்ணுக்கே திரும்பி வந்தாள்.

"இதுதான். இதுல லைட்டு நல்லா விழுந்திருக்கு," என்றாள். பிறகு மெல்ல, "அவர்தானே பிடிச்சது," என்றாள். எனக்கு அன்றைக்கு அவள்மேல் வந்த பிரியத்துக்கு அளவில்லை.

அந்த ஒரு கண்ணை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் ஸ்டுடியோ என்ற பேச்சையே எடுக்கவில்லை. என் சாயங்காலங்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. சில வருஷம் கழித்து அவள் போனபோது, கண்ணுக்குள் இருந்த அவளை மட்டும் தனியாகப் பிரதி எடுத்துக்கொண்டு பத்திரிகை ஏஜெண்டிடம் போனேன். முகம் தெளிவாக இல்லை, தபால்தலை அளவில் கறுப்புப் புள்ளியாகத்தான் விழும், வோட்டர் அட்டை இருந்தால் கொடுங்கள் என்றார். அட்டை என் பைக்குள் இருந்தது. இல்லை என்று சொன்னேன். மறுநாள் புள்ளியாகவே வந்தது. புள்ளிக்குக் கீழே பெயரும் வயதும். மீசை இல்லை.

வீட்டுச் சுவரில் சட்டம் போட்ட அந்தக் கண்தான் மாலையோடு தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் யார் கண் என்று கேட்பார்கள். விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. திவசத்துக்கு வருஷாவருஷம் நீலச்சட்டைக்காரரும் வருவார். வந்ததும் முதல் வேலையாகச் சண்டை.

"நான் உசிரோட இருக்கேன். என் கண்ணுக்கு மாலை போட்டிருக்கியே, இது நியாயமா?"

"கண்ணுக்கு இல்ல, உள்ள இருக்கறவளுக்கு."

"அப்ப உள்ள போடு."

போன தடவை வந்தபோது சண்டை போடவில்லை. கொஞ்சம் தளர்ந்திருந்தார். கூடத்தில் தனியாக நிற்கிறாரே என்று நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். உயரத்தில் மாட்டியிருந்த படத்துக்கு நேரே நின்று, தலையை லேசாகத் திருப்பி, மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேச்சி," என்றார், மெதுவாக. "அன்னைக்கு நெய்மீன் இல்ல. ஒண்ணுமே இல்ல. வெறும் கஞ்சி."

சொல்லிவிட்டு, மச்சிலிருந்து ஏதாவது பதில் வரும் என்று காத்திருப்பவரைப்போல அப்படியே நின்றார்.